எண்ணிப் பார்த்தோம்!

"பாறை! அசையாத பாறை! ஒன்பது ஆண்டுகளாக ஒரே சொல், ஒரே நடை!" – நம் ஊர்ப் படிப்பகத்தின் ஒன்பதாம் ஆண்டு விழாவிலே, வெளியூரிலிருந்து பேச வந்திருந்த நண்பர் நம்மை இப்படிப் பாராட்டினார். 2015ஆம் ஆண்டு, பொங்கலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை. கைதட்டல் ஒலித்தது. தோளிலே துண்டு ஒன்று விழுந்தது. மகிழ்ந்தோம். மாறாதவர் என்ற பெயரைக் காட்டிலும் பொதுப்பணியில் இருப்பவனுக்குப் பெருமை வேறு என்ன இருக்க முடியும் என்று நினைத்துக் கொண்டோம்.

பாறை அசையாது, உண்மை. ஆனால் பாறையிலே பயிர் விளைவதில்லை என்பதும் உண்மை. அதை நாம் உணர ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை.

விழா முடிந்ததும் ஆண்டுப் பொதுக்குழு கூடிற்று. வரவு செலவுக் கணக்கு படிக்கப்பட்டது. செயலாளர் என்ற முறையிலே நாம் எழுந்து, "இங்கே சாதி இல்லை, மதம் இல்லை, ஆண் பெண் என்ற வேற்றுமை இல்லை. படிப்பகத்தின் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது" என்று, ஆண்டுதோறும் சொல்லும் அதே சொற்களைச் சொல்லி அமர்ந்தோம். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகள். பட்டப் படிப்பை முடித்து, அரசுப் பணிக்கான தேர்வுக்குப் படித்துக் கொண்டிருந்தவள்.

"ஐயா, கதவு திறந்திருக்கிறது என்கிறீர்கள். இந்த ஒன்பது ஆண்டுகளிலே அந்தக் கதவு வழியே எத்தனை பெண்கள் உள்ளே வந்தார்கள்?"

"யார் அம்மா வரவேண்டாம் என்று தடுத்தார்கள்?" என்றோம்.

"தடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, ஐயா. எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் கேட்டேன்."

அவையிலே சிலர் நகைத்தனர். யாரைப் பார்த்து நகைத்தனர் என்பது நமக்குப் புரியவில்லை. அதனாலேயே சினம் பொங்கிற்று. "வருகைப் பதிவேடு இருக்கிறது. கணக்கெடுத்துச் சொல்கிறோம்" என்றோம். குரலிலே பணிவு இருந்தது. உள்ளத்திலே இல்லை.

அன்றிரவு ஐந்து பதிவேடுகளையும் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு வீடு வந்தோம். உண்மையை அறிய வேண்டும் என்ற ஆர்வத்தினால் அல்ல, தோழர்களே! அந்தப் பெண்ணை மறுக்க வேண்டும் என்ற வேகத்தினால். நமக்குச் சார்பான ஒரு கணக்கு அந்த ஏடுகளிலே ஒளிந்திருக்கும் என்ற நம்பிக்கையினால். விளக்கடியிலே அமர்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டினோம்.

உறுப்பினர் பட்டியலிலே 340 பெயர்கள். அவற்றுள் 61 பெண்களின் பெயர்கள். நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் வருகைப் பதிவேட்டிலே, ஒன்பது ஆண்டுகளிலே, பெண்கள் இட்ட கையெழுத்து மொத்தம் 43. அந்த 43லும் 31, ஆண்டு விழா நாட்களிலும் பொங்கல் விழா நாட்களிலும் இட்டவை. வந்தார்கள், கோலமிட்டார்கள், கையெழுத்திட்டார்கள், சென்றார்கள். படிப்பதற்கென்று ஒரு பெண் படிப்பகத்துக்குள் நுழைந்தது, ஒன்பது ஆண்டுகளிலே பன்னிரண்டே முறை!

எண்ணுதல் என்ற சொல்லுக்கு நம் மொழியிலே இரு பொருள் உண்டு. கணக்கிடுதல் ஒன்று, சிந்தித்தல் மற்றொன்று. எண்ணிப் பாருங்கள், எண்ணிப் பாருங்கள் என்று மேடைதோறும் ஊருக்கு உரைத்த நாம், ஒன்பது ஆண்டுகளாக எண்ணிப் பார்க்கவில்லை – இரு பொருளிலும்!

எண்ணியவுடனே மனம் மாறி விட்டதா? அதுதான் இல்லை. மனம், பழகிப்போன வீட்டைக் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் போன்றது. ஒன்று போனால் ஒன்றாகக் காரணம் சொல்லத் தொடங்கிற்று. "பெண்களுக்குப் படிப்பிலே ஆர்வம் குறைவு" என்றது. அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது; அந்தக் காரணம் செத்தது. "வீட்டார் விடுவதில்லை, நாம் என்ன செய்ய முடியும்?" என்றது. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றிற்று. ஆம்! "பள்ளிக்கூடம் பொதுதானே, அவர்கள் பிள்ளைகள் வராவிட்டால் நாங்கள் என்ன செய்வது?" என்று ஆதிக்கக்காரர்கள் கைகழுவிய கதையை எத்தனை மேடைகளிலே கூறி, எத்தனை முறை கைதட்டல் வாங்கியிருக்கிறோம்! அவர்களது வாதம், அட்சரம் பிசகாமல், இப்போது நம் வாயிலே! நள்ளிரவிலே, தனியாக, நமக்கு நாமே வெட்கினோம்.

சரி, குற்றத்தை உணர்ந்தோம். திருத்திக் கொண்டோம் என்று இங்கே கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்து நாம் செய்தது, முதற்பிழையைக் காட்டிலும் பெரிய பிழை.

மறுநாளே செயற்குழுவைக் கூட்டினோம். "ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை படிப்பகம் பெண்களுக்கு மட்டும்" என்று தீர்மானம் இயற்றினோம். பலகையிலே கொட்டை எழுத்தில் எழுதினோம். புரட்சி செய்து விட்டதாக ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை பூத்தோம். முதல் ஞாயிறு – ஒருவரும் வரவில்லை. இரண்டாம் ஞாயிறு – ஒருவரும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு அந்தப் பெண் மட்டும் வந்தாள். கையிலே புத்தகம் இல்லை. மீன் வாங்கும் பை இருந்தது.

"பார்த்தாயா அம்மா, வழி செய்து கொடுத்தும் வரவில்லையே!" என்றோம்.

அவள் சிரித்து விட்டாள். "ஞாயிற்றுக்கிழமை காலையிலே பெண்ணுக்கு ஓய்வு என்று உங்களுக்கு யார் ஐயா சொன்னது? ஆலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள் அது. ஒரு வாரத் துணி துவைக்கும் நாள். கறியோ மீனோ சமைக்கும் நாள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாமே! அந்த ஒரு சொல்லை எடுத்துக் கொண்டு வீடு திரும்பினோம். பெண்களுக்காக முடிவு செய்தோம். பெண்களைக் கேட்டு முடிவு செய்யவில்லை. தீர்மானம் மாறியிருந்தது; தீர்மானிக்கும் மனப்பாங்கு மாறவில்லை. 'எது நல்லது என்று எமக்குத் தெரியும். ஏற்றுக் கொள்வது உங்கள் கடமை' என்ற அந்தப் பழைய மிடுக்கு, புதிய சட்டையை மாட்டிக் கொண்டு வந்து நின்றது. அவ்வளவே.

இந்தக் குழப்பத்திலே நாம் இருந்தபோதுதான் பிப்ரவரி 12 நெருங்கிற்று. ஆபிரகாம் லிங்கன் பிறந்த நாள். நம் படிப்பகச் சுவரிலே தொங்கும் படங்களுள் லிங்கன் படமும் ஒன்று. ஆண்டுதோறும் அந்நாளிலே நாம் சொற்பொழிவு ஆற்றுவது வழக்கம். சொற்பொழிவுக் குறிப்பும் ஒன்பது ஆண்டுகளாக ஒன்றே. 1809இல் கென்டக்கி மாநிலத்தில் மரக்கட்டைக் குடிலிலே பிறந்தார், வெள்ளை மாளிகையிலே அமர்ந்தார், அடிமைத் தளையை அறுத்தார், குண்டுக்குப் பலியானார், தொடக்கம் முதல் முடிவு வரை மாறாத மாமனிதர்! இந்த ஆண்டு குறிப்பைப் புதுப்பிக்கலாம் என்று, அவர் வாழ்வு பற்றிய நூல்களை மீண்டும் எடுத்துப் படித்தோம். முன்பு விரைந்து தாண்டிச் சென்ற பக்கங்களிலே இம்முறை கண் நின்றது.

மாறாத மாமனிதரா? அல்ல! மாறியதனாலேயே மாமனிதர் ஆனவர்!

1858இல், இல்லினாய் மாநிலத்திலே செனட் இடத்துக்குப் போட்டியிட்ட லிங்கன், எதிர் வேட்பாளரோடு ஏழு ஊர்களிலே சொற்போர் நிகழ்த்தினார். அடிமை முறை தீது, அது மேலும் பரவலாகாது என்று வாதாடிய அதே லிங்கன், சார்லஸ்டன் என்னும் ஊரிலே பேசும்போது, கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை தருவதைத் தாம் ஆதரிக்கவில்லை, வெள்ளையரோடு அவர்களைச் சரிநிகராக்குவது தம் கருத்தல்ல என்று வெளிப்படையாகவே கூறினார். அடிமைத்தனத்தை வெறுத்தார், ஆனால் அடிமைப்பட்டவரைத் தமக்குச் சமமாகக் காணும் கண் அவருக்கு அன்று இல்லை.

1862 ஆகஸ்டு 14. உள்நாட்டுப் போர் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகி விட்டது. விடுதலை அறிவிப்பின் வரைவை அமைச்சரவைக்குப் படித்துக் காட்டி, தக்க வேளைக்காகக் காத்திருந்தார் லிங்கன். அந்நாளிலே கறுப்பின மக்கள் சார்பில் ஐவர் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டனர். நாட்டின் தலைவர் அவர்களை அழைத்துப் பேசுவது அரிய நிகழ்ச்சிதான். ஆனால் பேசியது யார்? லிங்கன். கேட்டது யார்? வந்தவர்கள். இரு இனமும் ஒன்றாக வாழ்வதால் இரு சாராருக்கும் துன்பமே, ஆகவே நடு அமெரிக்கப் பகுதிக்குச் சென்று குடியேற முன்வாருங்கள் என்றார் அவர். பிறந்த மண்ணை விட்டுப் போங்கள் என்று, அந்த மண்ணுக்கு உழைத்துத் தேய்ந்த மக்களிடமே கூறினார். தீய எண்ணத்தால் அல்ல. நல்லது செய்வதாக எண்ணியே கூறினார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது, ஞாயிற்றுக்கிழமைப் பலகை நம் கண்முன் வந்து ஆடிற்று.

பிரெடரிக் டக்ளஸ் என்றொரு மாவீரர் இருந்தார். மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர், 1838இல் தப்பிச் சென்று, தம் பேச்சையும் எழுத்தையும் படைக்கலன்களாக்கிக் கொண்டவர், ஏடு நடத்தியவர். லிங்கனின் இந்தப் பேச்சைத் தம் ஏட்டிலே அவர் கடுமையாகச் சாடினார். குடியேற்றத் திட்டமோ செயலிலும் பொய்த்தது. 1863இல் ஹைட்டி நாட்டை அடுத்த ஒரு சிறு தீவுக்கு ஏறத்தாழ 450 பேர் அழைத்துச் செல்லப்பட்டனர். நோயும் பசியும் பலரைக் கொன்றன. 1864இல் லிங்கனே கப்பல் அனுப்பி, எஞ்சியோரை மீட்டு வரச் செய்தார். அதே ஆண்டு ஜூலையிலே, குடியேற்றத்துக்கென ஒதுக்கிய பணத்தையும் அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்தி விட்டது.

1863 ஜனவரி முதல் நாள் விடுதலை அறிவிப்பு வெளிவந்தது. படையின் கதவும் கறுப்பின மக்களுக்குத் திறந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 பேர் தரைப்படையிலே சேர்ந்தனர். ஆனால் கதவு திறந்தால் போதுமா? வெள்ளை வீரனுக்குத் திங்கள் சம்பளம் 13 டாலர். கறுப்பு வீரனுக்கு 10 டாலர். அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். குண்டு இருவரையும் ஒன்றாகவே துளைத்தது. கூலி மட்டும் வேறு! 1863 ஆகஸ்டு 10 அன்று டக்ளஸ் நேரே வெள்ளை மாளிகைக்குச் சென்று இதனைக் கேட்டார். தம்மைத் தாக்கி எழுதிய அந்த மனிதரை லிங்கன் வரவேற்றார், பொறுமையாகக் கேட்டார். கேட்டதும் எல்லாம் நடந்து விடவில்லை. 1864 ஜூன் திங்களிலேதான் சம ஊதியச் சட்டம் பிறந்தது. ஆனால் ஒரு மாற்றம் நிகழ்ந்து விட்டது. ஓராண்டுக்கு முன் ஐவரை அழைத்துப் பேசிய தலைவர், இப்போது ஒருவர் பேசக் கேட்டார்.

1864 ஆகஸ்டு 19. இம்முறை டக்ளசை லிங்கனே அழைத்தார். போர் இழுபறியாக இருந்தது. தேர்தல் நெருங்கிற்று. அடிமை விடுதலையைக் கைவிட்டால் அமைதி கிட்டும், ஆட்சியும் தப்பும் என்று சொந்தக் கட்சியினரே நெருக்கினர். அதற்குச் சமாதானம் கூறுவது போன்றதொரு கடிதத்தை எழுதி வைத்திருந்த லிங்கன், அதனை டக்ளசிடம் காட்டி, அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்பாதீர்கள், அது பின்வாங்குவதாகவே பொருள்படும் என்றார் டக்ளஸ். கடிதம் அனுப்பப்படவில்லை. நான்கு நாட்கள் கழித்து, தாம் தேர்தலிலே தோற்கக் கூடும் என்று ஒரு தாளில் எழுதி மடித்து, அதன் மேல் அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்தார் லிங்கன். தோல்வி வரும் என்று எண்ணிய வேளையிலும், விடுதலையை விற்று வெற்றியை வாங்க அவர் ஒப்பவில்லை. நவம்பரிலே வென்றார் என்பது பின்னாளைய செய்தி.

ஒரு காலத்தில் வாக்குரிமையை ஆதரிக்காத அவர், 1865 ஏப்ரல் 11 அன்று, வெள்ளை மாளிகையின் சாளரத்திலிருந்து மக்களிடையே பேசும்போது, கல்வியறிவு மிக்க கறுப்பினத்தவருக்கும், படையிலே பணியாற்றியோருக்கும் வாக்குரிமை தருவதைத் தாம் விரும்புவதாக அறிவித்தார். அனைவருக்கும் அல்ல, பாதி வழிதான். அந்தப் பாதி வழியைக்கூடப் பொறுக்க மாட்டாத ஒருவன் அந்தக் கூட்டத்திலே நின்றிருந்தான். மூன்றாம் நாள், நாடக அரங்கிலே, லிங்கனின் தலையைத் துளைத்தது அவனுடைய குண்டு. மனமாற்றத்துக்கு அந்தத் தலைவர் கொடுத்த விலை அது!

இன்னொரு செய்தியும் நம்மைச் சுட்டது. 1863 ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் கோட்டை வீழ்ந்தது. வீழ்த்தியவர் தளபதி கிராண்ட். அவர் வகுத்த படை நடத்தும் முறை தவறு என்று லிங்கன் மனத்துக்குள் அஞ்சியிருந்தார். வெளியே எவருக்கும் அது பெரிய செய்தி அல்ல. பேசாமல் இருந்திருக்கலாம், வெற்றியிலே பங்கு கொண்டாடியிருக்கலாம். ஆனால் ஜூலை 13 அன்று, நேரிலே சந்தித்ததாக நினைவுகூட இல்லாத அந்தத் தளபதிக்கு, நீர் கருதியது சரி, நான் கருதியது தவறு என்ற பொருளிலே நாட்டின் தலைவர் தம் கைப்படக் கடிதம் எழுதினார். கேட்கப்படாமலே ஒப்புக் கொண்டார்! கணக்கெடுத்துச் சொல்கிறோம் என்று பொதுக்குழுவிலே வாக்களித்து விட்டு, கணக்கை எடுத்தும் மூன்று வாரமாக வாய் திறவாதிருந்த நமக்கு, அந்தக் கடிதம் முகவரி மாறி வந்தது போலிருந்தது.

பிப்ரவரி 12 மாலை, சொற்பொழிவு கேட்க நாற்பது பேர் கூடியிருந்தனர். லிங்கன் மாறிய கதையைக் கூறினோம். கூறி முடித்து, பதிவேடுகளை மேசைமீது வைத்தோம். 61, 43, 31, 12 – நான்கு எண்களையும் படித்தோம். "அந்தத் தங்கை கேட்டது சரி, நாம் சொன்னது தவறு" என்றோம். நாக்கு உலர்ந்தது, குரல் கம்மிற்று. ஒன்பது ஆண்டுகளிலே நாம் ஆற்றிய சொற்பொழிவுகளிலே மிகக் குறைந்த கைதட்டல் அன்றுதான். ஆனால் கூட்டம் முடிந்த பின், மூன்று பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தார்கள்.

அவர்களிடம் கேட்டோம். இம்முறை உண்மையிலேயே கேட்டோம். பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை தங்களுக்கு ஓய்வான நேரம் என்றார்கள். ஆறு மணிக்குத் திறந்து ஒன்பது மணிக்கு மூடும் படிப்பகம் அவர்களுக்கு எப்படிப் பயன்படும்? கழிப்பறை இல்லையே என்றார்கள். ஒன்பது ஆண்டுகளாக நமக்கு அது தோன்றவே இல்லை. ஆண்களுக்குத் தோன்ற வேண்டிய தேவை எழவில்லை. பிறகு ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வாசலிலே பெஞ்சு கிடக்கிறதே, ஐயா. பொழுது சாய்ந்தால் எட்டு, பத்து ஆண்கள் அதிலே உட்கார்ந்து பேசிக் கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தாண்டி எப்படி உள்ளே போவது?"

அந்தப் பெஞ்சிலே நாள்தோறும் அமர்ந்திருந்தது யார்? வேறு யாருமல்ல, நாமும் நம் நண்பர்களுமே! அதிலே அமர்ந்து நாம் பேசியது என்ன? பல மாலைகளிலே, பெண் விடுதலை! விடுதலையைப் பற்றிப் பேசியவாறே வாசலை அடைத்துக் கொண்டிருந்தோம். கதவு திறந்திருந்தது, கதவுக்கு முன்னே நாம் இருந்தோம்.

பெஞ்சை எடுத்துப் பின்புற வேப்ப மரத்தடியிலே போட்டோம். கழிப்பறை கட்டப் பணம் திரட்ட எட்டு மாதங்கள் ஆயின. இவை எளிய வேலைகள். கடினமானது ஒன்று இருந்தது: சாவி. பிற்பகலிலே திறக்க வேண்டுமானால் சாவி அவர்களிடம் இருக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக அது நம் இடுப்பிலே செருகப்பட்டிருந்தது. பெரிய பூட்டின் சிறிய சாவி. கடையிலே கொடுத்தால் படி எடுத்துத் தந்து விடுவார்கள். ஆயினும் அதைக் கழற்றிக் கொடுக்க நமக்கு ஒரு வாரம் பிடித்தது. நூல்கள் தொலைந்தால் யார் பொறுப்பு, கணக்கு யார் எழுதுவது என்றெல்லாம் கேட்டுக் கொண்டோம். உண்மையான கேள்வி அதுவல்ல. நாம் இல்லாமலும் படிப்பகம் திறக்கும் என்றால், பிறகு நாம் யார்? – அதுதான் கேள்வி.

தோழர்களே! தலைமையின் நோய் அந்தக் கேள்வியிலேதான் இருக்கிறது. பணி பெரிதா, பணியிலே நமக்குள்ள இடம் பெரிதா? பணி பெரிது என்பான் மேடையிலே. இடுப்பிலே இருக்கும் சாவியை இறுகப் பற்றிக் கொள்வான் தனிமையிலே. அந்தப் பிடி தளர்வதுதான் மனமாற்றம். மற்றவை எல்லாம் வாய்மாற்றம்.

சாவியைக் கொடுத்தோம். பழைய நண்பர்கள் இருவர் நம்மோடு பேச்சை நிறுத்தினர். "நேற்று வந்த பெண் கேட்டாள் என்று ஒன்பது வருஷ ஏற்பாட்டை மாற்றுவதா? தலைவன் என்றால் நிலையாக நிற்க வேண்டாமா?" என்றனர். அவர்களுள் ஒருவர் இன்று வரை நம் வீட்டுப் படி ஏறவில்லை. அந்த இழப்பு நமக்கு வலிக்கவில்லை என்று கூறினால் அது பொய்.

அவர்கள் எழுப்பிய கேள்விக்கும் நாம் விடை கூறியாக வேண்டும். கருத்தை மாற்றிக் கொள்வது நல்ல தலைமை என்றால், காலையிலே ஒரு கட்சி, மாலையிலே ஒரு கட்சி என்று தாவித் திரிவோரும் நல்ல தலைவர்களா? காற்றடிக்கும் பக்கம் சாயும் நாணலுக்கும், பழுத்த மரத்தின் வளைவுக்கும் வேற்றுமை இல்லையா?

உண்டு. கண்டுகொள்வதும் எளிது. குறிக்கோளை விட்டு விட்டுப் பதவியைத் தேடி மாறுவது ஒன்று. குறிக்கோளை அடைய, தன் பிழையான எண்ணத்தை விட்டு மாறுவது மற்றொன்று. முன்னதிலே மாறுபவனுக்கு வரவு. பின்னதிலே மாறுபவனுக்குச் செலவு. மாறிய பின் அவன் கையிலே அதிகாரம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். எவருடைய குரலைக் கேட்டு மாறினான், வலியவனின் அழைப்பையா, எளியவனின் முறையீட்டையா என்று பாருங்கள். தான் மாறியதை ஒளிக்கிறானா, ஊரறியச் சொல்கிறானா என்று பாருங்கள். இந்த மூன்று கேள்விகளிலே தாவலும் தெளிவும் தனித்தனியே பிரிந்து விடும்.

கடிந்துரைக்கும் துணை இல்லாத அரசன் அழியப் பகைவனே தேவையில்லை என்பது வள்ளுவர் கருத்து. ஆனால் கடிந்துரைப்போர் எங்கிருந்து வருவர்? அரியணைக்கு அருகிலிருந்து அல்ல. பின் வரிசையிலிருந்தே வருவர். டக்ளஸ் அப்படி வந்தார். அவரும் லிங்கனைப் பூசித்தவரல்லர். 1876இல், லிங்கன் சுடப்பட்ட நாளிலே, தலைநகர் வாஷிங்டனில் அவர் சிலை திறப்பு விழாவிலே பேசும்போது, லிங்கன் முதலில் வெள்ளையரின் தலைவராகவே இருந்தார் என்பதையும், அடிமை ஒழிப்பாளரின் பார்வையிலே அவர் தயங்கியவராகவே தோன்றினார் என்பதையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். அவர் காலத்து நாட்டின் மனநிலையோடு ஒப்பிட்டால் அவர் விரைந்தே சென்றார் என்பதையும் சேர்த்தே கூறினார். புகழுரையிலும் எடைபோடத் தவறாத நண்பர் கிடைப்பது தலைவனுக்குப் பேறு. அத்தகையவரை வாசலிலே நிறுத்தாமல் உள்ளே அழைப்பது தலைவனின் கடமை.

இளைஞர்களே! நாளை உங்களிலே பலர் மன்றங்களுக்கும் சங்கங்களுக்கும் தலைவர்களாக வருவீர்கள். உங்களையும் பாறை என்பார்கள், மலை என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். வீடு சென்றதும் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள். யார் வந்தார்கள் என்பதை மட்டும் அல்ல; யார் வரவில்லை என்பதையும். வராதவரிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்வது உங்களைச் சுடுமானால், அது உண்மையாக இருக்கக்கூடும் என்பதற்கு அந்தச் சூடே முதல் அடையாளம்.

அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவிலே, செயலாளர் பொறுப்புக்கு அந்தப் பெண்ணின் பெயரை நாமே முன்மொழிந்தோம். தேர்வு எழுதி, அரசுப் பணி பெற்று, அவள் வேறு ஊர் செல்லும் வரை திறம்பட நடத்தினாள். போகும்போது சாவியை நம்மிடம் தரவில்லை. தன்னை அடுத்து வந்த செயலாளரிடம் தந்து சென்றாள். முறையும் அதுதானே!

இன்றும் மாலையிலே படிப்பகம் செல்கிறோம். பதிவேட்டிலே, பிற்பகல் வந்து சென்றோரின் கையெழுத்துகளுக்குக் கீழே, கிடைக்கும் வரியிலே நம் பெயரை எழுதுகிறோம். அதற்கு முன், வழக்கமாகி விட்டது, அந்தப் பக்கத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கிறோம்.